மூன்று வயது மகனோடு தோழிகளுடன் வெளியே போவது: எங்கே தவறினோம்?

கேட்பவர்: வடசேரி அம்மா

எங்களுடைய வீடு நாகர்கோவிலில் வடசேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகனுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் நான்கு பேர், திருமணத்துக்குப் பிறகும் மாதம் ஒருமுறையாவது எங்காவது சந்தித்துவிடுவோம். பிள்ளை பிறந்த பிறகு அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகி, பிறகு விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்வது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று கிறிஸ்துமஸ் விடுமுறையில் நானே முன்னின்று ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்தேன். நால்வரில் ஒருத்தி திருவனந்தபுரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இன்னும் திருமணம் ஆகவில்லை. அவள் இதற்காகவே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திற்பரப்பு அருவி என்பது எங்களுடைய திட்டம். எட்டரைக்குப் புறப்பட வேண்டியவர்கள் பத்து மணிக்குத்தான் புறப்பட்டோம். அரண்மனையில் நவராத்திரி மண்டபத்தின் கறுத்துப் பளபளக்கும் தரையைப் பார்த்ததும் இவன் வழுக்கி விளையாடத் தொடங்கிவிட்டான். காவலாளி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை கோபித்துக்கொண்டார். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் கொண்டுபோகும் அந்தத் தொட்டிப்பாலத்தில் நான் கையைப் பிடித்தால் உதறினான், விட்டால் ஓடினான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாப்பிடும்போது மணி மூன்றாகிவிட்டது. காரில் தூங்கியவனைத் திற்பரப்பில் எழுப்பி இறக்கினால், சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் கூட்டத்தைக் கண்டு மிரண்டு, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் அழுதான். நாங்கள் யாரும் அருவியில் கால்கூட நனைக்காமல் திரும்பினோம்.

வரும் வழியில் திருவனந்தபுரத்துத் தோழி, "இவனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். நானும் களைப்பில் ஏதோ பதில் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சே குறைந்துவிட்டது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் மட்டும் அனுப்பியிருந்தாள்.

இந்த வயதுப் பிள்ளையோடு நம் மாவட்டத்தில் எங்கே போனால் பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் ஒத்துவரும்? அல்லது இவன் பள்ளிக்கூடம் போகும்வரை பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: தக்கலை ஆச்சி

மகளே, உங்களுடைய திட்டத்தைப் படித்தபோதே எனக்கு மூச்சு வாங்கியது. பெரியவர்கள் மட்டும் போனாலே மூன்று இடமும் ஒரே நாளில் இடுப்பை ஒடித்துவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அரண்மனைக்கு அழைத்துப்போனவள் நான். இப்போது பேரப்பிள்ளைகளை அழைத்துப்போகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

காலையில் ஒன்பது மணிக்கு அரண்மனை திறக்கும்போது முதல் ஆளாக நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். பத்தரைக்கு மேல் வெளியூர்ப் பேருந்துகள் வந்துவிட்டால், அந்தக் குறுகலான மரப்படிகளில் முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நெருக்கும்போது சின்னப் பிள்ளைக்குத் தெரிவது மற்றவர்களுடைய முழங்கால் மட்டுந்தான். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை இடைவேளை விடுவார்கள். திங்கட்கிழமை திறப்பதே இல்லை. இடம் நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருப்பதால் விடுமுறைகளும் அவர்களுடைய கணக்குப்படிதான். இது தெரியாமல் பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

காவலாளி கோபித்துக்கொண்டதற்கு வருத்தப்படாதீர்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து இழைத்த தரை அது என்பார்கள். அவர் அதைக் காக்கத்தான் நிற்கிறார். ஆனால் செருப்பில்லாத காலுக்கு அந்தக் குளிர்ச்சி பட்டவுடன் உங்களுடைய மகனுக்கு வழுக்கத் தோன்றியதிலும் தப்பில்லை. என் பேரனை அந்த மண்டபத்துக்குள் நுழையும்போதே தூக்கிக்கொள்வேன். மற்ற இடங்களில் நடக்க விடுவேன். அவனுக்கு ராஜாவின் கட்டிலும் தெரியாது, தூணின் வேலைப்பாடும் தெரியாது. ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் வைத்திருக்கும் பெரிய ஊறுகாய்ச் சாடிகளான பரணிகள்தான் அவனுக்கு அரண்மனை. அவனைவிட உயரமான பரணியின் முன்னால் நின்று, "இதற்குள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். கால்மணி நேரம் அங்கேயே நின்றோம். பெரியவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒரு சோடி மாடிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்வரை இன்னொரு சோடி பிள்ளையோடு கீழே இருக்கலாம். எல்லோரும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட்டால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மிகவும் பக்கம். வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. மர நிழலும் ஓடுவதற்கு மண்ணும் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கதை பெரியவர்களுக்கு, ஓட்டம் பிள்ளைக்கு. அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

நல்ல காரியத்துக்கு ராகுகாலம் பார்ப்பதுபோல, பிள்ளை தூங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பயணத்தை வைக்க வேண்டும். பன்னிரண்டரைக்குத் தூங்குகிற பிள்ளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும். ஓட்டலை நம்பாதீர்கள். ஏத்தங்காய்ப் பொடியில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய கஞ்சி ஒரு பாத்திரத்திலும், நாலு மட்டிப்பழம் ஒரு பையிலும் இருந்தால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம். ரசவடையைப் பார்த்தால் கேட்பான். அது உங்களுக்கு மட்டும்.


பதில்: இரண்டு பிள்ளைகளின் அப்பா, மார்த்தாண்டம்

எதற்கு இவ்வளவு சிரமம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையை ஒரு நாள் பாட்டியிடமோ பாட்டாவிடமோ விட்டுவிட்டு நீங்கள் நால்வரும் நிம்மதியாகப் போய்வரலாமே. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம். உங்களுடைய தோழி சொன்னதில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.


பதில்: தக்கலை ஆச்சி

பாட்டியின் இடுப்பையும் பாட்டாவின் முழங்காலையும் கேட்டுவிட்டு இந்த யோசனையைச் சொல்லுங்கள், தம்பி. எப்போதாவது ஒரு நாள் பார்த்துக்கொள்வோம். அதில் எங்களுக்கும் ஆசை உண்டு. ஆனால் அம்மாவின் சிநேகிதிகளைப் பார்க்காமலேயே ஒரு பிள்ளை வளர்வதும் நல்லதில்லை. என் மக்கள் என்னுடன் வேலை பார்த்த டீச்சர்களை இன்றைக்கும் பெரியம்மா, சித்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.


பதில்: முட்டத்துக்காரன்

அக்கா, யாராவது அடுத்துக் கடற்கரைக்குப் போகச் சொல்வார்கள் என்பதால் அதைப் பற்றி முந்திக்கொண்டு எழுதுகிறேன். நான் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊர்ப் பாறைகளும் கலங்கரை விளக்கமும் பார்க்க அழகானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதற்கு ஏற்ற இடம் அது இல்லை. பாறையில் பாசி வழுக்கும். அலை எந்தப் பக்கம் சுழன்று இழுக்கும் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். சொத்தவிளை, சங்குத்துறை போன்ற மணற்பரப்பான இடங்களில் உலர்ந்த மணலில் உட்கார்ந்து விளையாட வைக்கலாம். அங்கேயும் நனைந்த மணலுக்கு இந்தப் பக்கமே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கள்ளக்கடல் என்று சொல்வதை வெளியூர்க்காரர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிந்து கிடக்கும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல்காற்று எழுப்பிய நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து வந்து, திருடனைப் போலச் சொல்லாமல் கரையேறும். அதனால்தான் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது பள்ளி விடுமுறையில் எல்லோரும் கடற்கரைக்கு வரும் அதே காலத்தில், இது அடிக்கடி வருகிறது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோனதும் இப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். எச்சரிக்கை விடுத்தால் செய்தியில் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் 'கரையில் நின்று பார்த்துவிட்டு வருவோம்' என்றுகூடப் போகாதீர்கள்.

பிள்ளைக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்றால் கடலில் இறங்கத்தான் வேண்டுமா? கரைமடி, அதாவது கரையில் நின்றே இழுக்கிற பெரிய வலை, இழுக்கிற நாளாகப் பார்த்துக் காலையில் வாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கம்பாக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து இழுப்பார்கள். மடி கரையேறியவுடன் சாளையும் நெத்திலியும் வெள்ளிக்காசைக் கொட்டியதுபோல் துள்ளும். என் தங்கை மகன் ஒரு சின்ன நண்டைக் கண்டு, அதற்கு வழிவிட்டு, அது போகும் திசையிலெல்லாம் குனிந்துகொண்டே போனான். நாங்கள் நாலு பெரியவர்கள் அதற்குள் ஒரு வருஷத்துக் கதையைப் பேசி முடித்துவிட்டோம்.

கன்னியாகுமரிப் படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவேகானந்தர் பாறையும், 133 அடி வள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலமும் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் விடுமுறை நாளில் அந்த வரிசையில் நிற்பதற்குள் பிள்ளையின் பொறுமை முதலில் தீரும், பிறகு உங்களுடையது தீரும். அவனுக்கு ஐந்து வயது ஆகட்டும்.


பதில்: பெயர் வேண்டாம், களியக்காவிளை

இங்கே எல்லோரும் இடத்தைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் அந்தத் தோழியின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்து நான்கு, பிள்ளைகள் இல்லை. என் தோழிகள் எல்லோருக்கும் இருக்கிறார்கள்.

நானும் இப்படி ஒரு பயணத்துக்குப் போயிருக்கிறேன். காலையிலிருந்து மாலைவரை யாரோடும் ஒரு பேச்சை முழுதாகப் பேச முடியவில்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவேன். பாதியில், "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போவாள். திரும்பி வந்து, "என்ன சொன்னாய்?" என்று கேட்பாள். அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே போயிருக்கும். அவ்வளவு கஷ்டத்திலும் அவளை நான் குறை நினைக்கவில்லை. என் மனம் கசந்தது கடைசியில் அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: "உனக்கு ஒன்று பிறந்தால்தான் இது புரியும்." அவள் அதைக் களைப்பில் சொன்னாள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆறு வருஷமாக ஊரில் உள்ள எல்லோரும் வெவ்வேறு விதமாக எனக்குச் சொல்லிவரும் வாக்கியம் அது. அவளிடமிருந்தாவது அதைக் கேட்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் 'களைப்பில் ஏதோ பதில் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன பதில் என்பதை இங்கே எழுத வேண்டாம். நினைத்து மட்டும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குப் பிள்ளைகள் பிடிக்கும். ஒரு நாள் முழுவதும் பிடிக்காது. அவளிடம் ஒரு நாளைக் கேட்காமல் ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள். மற்றவர்களையும் சேர்க்காமல், அவள் மட்டும், நீங்கள், உங்கள் மகன். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்காரரும் கூட வந்து பிள்ளையின் பின்னால் அவர் ஓடினால் இன்னும் நல்லது. உங்களுடைய கேள்வி முழுவதிலும் அவர் எங்கே இருந்தார் என்று ஒரு வரிகூட இல்லை என்பதைக் கவனித்தேன்.


கேட்டவர்: வடசேரி அம்மா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

களியக்காவிளைச் சகோதரிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய வாக்கியமும் நான் காரில் சொன்ன வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுடைய பதிலைப் படிக்கும்வரை, அவள் சொன்னது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. நான் சொன்னது மறந்தே போயிருந்தது. அன்று இரவே அவளைக் கூப்பிட்டேன். முதலில் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, பிள்ளை கார்க் கதவு திறந்தபோது என்னைப் பார்த்துத்தான் அழுதான்" என்றாள். அவன் அவளைப் பார்த்து அழவில்லை, பின்னால் நின்றிருந்த செண்டை மேளத்தைப் பார்த்துத்தான் அழுதான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது.

அவள் சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தபோது சுசீந்திரம் குளத்துக்குப் போனோம். தேரூர்க் குளத்தையும் சேர்த்து உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் வந்த அதே குளம். தினமும் பேருந்தில் கடந்துபோகிற இடம் என்பதாலேயே நாங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. காலை ஏழு மணிக்குப் போய், எட்டேகாலுக்குத் திரும்பிவிட்டோம். என் வீட்டுக்காரரும் வந்தார். (அவர் கிறிஸ்துமஸ் பயணத்திலும் இருந்தார், காரை ஓட்டினார், ஓட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்று அன்றைக்கு எல்லா இடத்திலும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதையும் பேசி முடித்துவிட்டோம்.) வலசை வந்த பறவைகள் இன்னும் முழுதாகக் கிளம்பவில்லை. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்துவந்து, ஒரே நேரத்தில் அலகைத் தண்ணீரில் முக்கி எடுப்பதை நாங்கள் நால்வருமே வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம். அலகின் கீழே தொங்குகிற பையைக் காட்டி, "அது கடைக்குப் போகிறதா?" என்று இவன் அவளிடம் கேட்டான். "ஆமாம், மீன் வாங்கப் போகிறது" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் வரவே இல்லை. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு பறவையும் என்ன வாங்கப் போகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்; அவளும் சளைக்காமல் ஒன்றுக்குக் கத்தரிக்காய், ஒன்றுக்கு மரச்சீனிக் கிழங்கு என்று பட்டியல் போட்டாள். கடைசி இருபது நிமிஷம் அவனை என் வீட்டுக்காரர் தோளில் ஏற்றிக்கொண்டு கரையோரமாக நடந்துபோக, நானும் அவளும் வண்டியின் பக்கத்தில் நின்று, பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்தபடி, பாதியில் நிற்காமல் பேசினோம்.

தக்கலை ஆச்சிக்கு: கஞ்சிப் பாத்திரமும் மட்டிப்பழமும் கையோடு இருந்தன. பழத்தை அவளும் அவனும் பங்கு போட்டுத் தின்றார்கள். அரண்மனைக்கு அடுத்த மாதம் நால்வரும் போவதாக இருக்கிறோம். அந்த ஒன்று மட்டும், ஒன்பது மணிக்கு, பரணிகளைப் பார்ப்பதற்கென்றே. மண்டபத்துக்குள் இவனைத் தூக்கிக்கொள்வது யார் என்பதை இப்போதே தீர்மானித்துவிட்டோம்.

முட்டத்து அண்ணனுக்கு ஒரு கேள்வி: கரைமடி எந்த நாளில் இழுப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? படகுகளையும் அருகில் பார்க்க வேண்டும் என்கிறான்.


பதில்: முட்டத்துக்காரன்

கரைமடிக்கு நாள் குறித்துச் சொல்ல முடியாது, அக்கா. கடல் அமைதியாக இருந்து, மீன் கரையோரம் அணைந்தால் இழுப்பார்கள். அதனால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள், கண்டால் அதிர்ஷ்டம். படகுகளுக்கு மட்டும் காலம் உண்டு. நம் மாவட்டத்துக்கு இரண்டு கடலோரக் கணக்கு இருப்பதால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் சின்னமுட்டம் துறைமுகத்திலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரைத் தடைக்காலத்தில் குளச்சல், முட்டம் பக்கத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும். படகில் சாயம் அடிப்பதும், வலையை விரித்துக் கிழிசலைப் பொத்துவதும் அப்போதுதான். ஜூனில் மழையும் கடல் சீற்றமும் இருக்கும் என்பதால், பிள்ளைக்குச் சின்னமுட்டத்தை ஏப்ரல் கடைசியில் காலை வேளையில் பார்ப்பதுதான் சரியாக வரும். கயிறுகள் தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலை பொத்துகிறவர்களின் பக்கத்தில் போய் நின்றால், அவர்களே பிள்ளையைக் கூப்பிட்டு, கையில் ஒரு மிதப்புக்கட்டையைக் கொடுப்பார்கள்.